அத்தியாயம் 7: ஜெனரேட்டரின் நியூட்ரல் எங்கே கட்டப்பட்டிருக்கிறது?

ஜெனரேட்டர் வாங்கப் போகிறவர்கள் எத்தனை கே.வி.ஏ., மணிக்கு எவ்வளவு டீசல் குடிக்கும், பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருமளவுக்குச் சத்தம் போடுமா என்றெல்லாம் கேட்பார்கள். நியூட்ரலை எங்கே கட்டியிருக்கிறீர்கள் என்று கேட்பவர் அபூர்வம். விற்பவர் தானாகச் சொல்வதும் இல்லை. ஜென்செட்டைக் கொண்டுவந்து இறக்குவார்கள். பக்கத்தில் ஒரு பைப்பை அடிப்பார்கள். பச்சை ஒயரை பாடியில் முறுக்கிவிட்டு, "எர்த் கொடுத்தாச்சு சார், இனி பயமில்லை" என்று ஒயர்மேன் கிளம்பிவிடுவார். அந்தப் பைப் மட்டும் உங்களைக் காப்பாற்றாது. ஏன் காப்பாற்றாது, பிறகு எது காப்பாற்றும் என்பதுதான் இந்த அத்தியாயம். கொஞ்சம் கணக்கு வரும். பள்ளியில் படித்த ஓம் விதிக்கு மேல் எதுவும் தேவைப்படாது.

கரண்ட் எங்கே திரும்புகிறது?

மின்சாரம் மண்ணைத் தேடி ஓடும் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மண் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. எந்தக் காயிலிலிருந்து கிளம்பியதோ அந்தக் காயிலுக்கே அது திரும்பியாக வேண்டும். திரும்பும் பாதை இல்லையென்றால் ஓட்டமும் இல்லை. ஈ.பி. சப்ளையில் மண்ணும் ஒரு பாதையாக இருப்பதற்குக் காரணம், 11 கே.வி.யை 433 வோல்ட்டாக இறக்கும் தெருமுனை டிரான்ஸ்பார்மரின் ஸ்டார் முனையை, அதாவது மூன்று காயில்களும் சேரும் நியூட்ரல் புள்ளியை, மின்வாரியம் மண்ணோடு கட்டி வைத்திருப்பதுதான். உங்கள் வீட்டு கிரைண்டரின் பாடியில் பேஸ் பட்டுவிட்டால், கரண்ட் பாடியிலிருந்து பச்சை ஒயருக்கும், அங்கிருந்து வீட்டு எர்த் பைப்புக்கும், பிறகு மண் வழியாக டிரான்ஸ்பார்மரின் எர்த்துக்கும் போய், கடைசியில் ஸ்டார் முனையை அடைகிறது. சுற்று முடிந்துவிட்டது.

ஈ.பி. போய் ஜெனரேட்டர் ஓடும்போது கரண்ட் கிளம்பும் இடம் மாறிவிடுகிறது. இப்போது அது திரும்ப வேண்டிய இடம் உங்கள் கொல்லைப்புறத்தில் ஓடும் ஆல்டர்னேட்டரின் காயில். அந்தக் காயிலின் ஒரு முனையை, மூன்று பேஸ் செட் என்றால் ஸ்டார் முனையை, யாரும் எர்த்தோடு கட்டவில்லையென்றால், எத்தனை பைப் அடித்திருந்தாலும் சுற்று முடியாது. இப்படி எதிலும் கட்டாமல் விட்டிருப்பதைத்தான் மிதக்கும் நியூட்ரல் என்கிறோம். கடைகளில் கிடைக்கும் 2, 3 கே.வி.ஏ. கையடக்கப் பெட்ரோல் செட்டுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் வருகின்றன. அவற்றின் சாக்கெட்டில் டெஸ்டரை வைத்துப் பார்த்தால் இரண்டு ஓட்டையிலும் மங்கலாக எரியும். மீட்டரை வைத்தால் ஒவ்வொரு முனைக்கும் பாடிக்கும் இடையில் 115 வோல்ட்டை ஒட்டி ஏதோ ஒரு எண் ஆடிக்கொண்டிருக்கும். எது பேஸ், எது நியூட்ரல் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

மிதந்தால் என்ன கெட்டுப்போகிறது?

"ஒரு முனையைத் தொட்டாலும் ஷாக் அடிக்காதே, அது நல்லதுதானே?" என்று கேட்கலாம். பாதி உண்மை. சின்ன ஜெனரேட்டர், குட்டையான கேபிள், அதில் ஒரே ஒரு துளையிடும் மெஷின் என்றால் மிதக்கும் நியூட்ரல் பாதுகாப்பானதுதான். தயாரிப்பாளர் அப்படி விட்டிருப்பதும் அந்த உபயோகத்தை மனதில் வைத்துத்தான். ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டரில் இதையே வேண்டுமென்று செய்கிறார்கள். தனி ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் வைத்து, எர்த் கட்டாமல் சப்ளை கொடுப்பார்கள். முதல் கசிவிலேயே சுவிட்ச் விழுந்து சிகிச்சை நடுவில் நின்றுவிடக் கூடாது என்பது நோக்கம். ஆனால் அங்கே இன்சுலேஷனை ஓயாமல் கண்காணித்து, அது குறைந்ததும் அலறும் கருவி சுவரில் இருக்கும். உங்கள் வீட்டில் அது இல்லை.

அந்தச் சின்ன செட்டையே ஒரு வீட்டின் முழு ஒயரிங்கில் கோர்த்தால் கதை மாறுகிறது. மழையில் நனைந்த மாடி விளக்கு, பழைய மோட்டார், எலி கடித்த ஒயர் என்று எங்காவது ஒரு கசிவு இருக்கத்தான் செய்யும். முதல் கசிவு எந்தச் சத்தமும் போடாது. அதிகக் கரண்டுக்கு விழும் எம்.சி.பி. விழாது, கசிவுக்கு விழும் ஆர்.சி.சி.பி.யும் விழாது, எதுவும் நிற்காது. ஆனால் அந்தக் கணமே காயிலின் ஒரு முனை எர்த்தோடு சேர்ந்துவிட்டது. எந்த முனை என்று உங்களுக்குத் தெரியாது. இப்போது இன்னொரு மெஷினில் மறுமுனை பாடியைத் தொட்டால், அதைத் தொடும் ஆளின் உடம்பில் முழு 230 வோல்ட் ஏறும். முதல் பழுதை யாரும் பார்க்காததால், இரண்டாவது பழுதை ஒரு மனிதர்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

மூன்று பேஸ் செட்டில் ஸ்டார் முனை மிதந்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரு பேஸ் எர்த்தைத் தொட்டதும் மற்ற இரண்டு பேஸும் எர்த்தைப் பொறுத்து 230-லிருந்து 400 வோல்ட்டுக்கு ஏறி நிற்கும். லோடுகளுக்கு வித்தியாசம் தெரியாது. பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் இன்னும் 230-தான். இன்சுலேஷனும், எர்த்தோடு கட்டியிருக்கும் சர்ஜ் கருவிகளும்தான் அந்தக் கூடுதல் வோல்டேஜைத் தாங்க வேண்டியிருக்கும்.

மிதக்கும் நியூட்ரலையும் அறுந்த நியூட்ரலையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். டிவி, ஃப்ரிட்ஜ் எல்லாம் ஒரே சமயத்தில் புகைந்தது என்றால் அது இரண்டாவது வகை. மூன்று பேஸ் இணைப்பில் நியூட்ரல் கழன்றுவிட்டால், இரண்டு பேஸ்களின் லோடுகள் 400 வோல்ட்டுக்கு நடுவில் வரிசையாக மாட்டிக்கொள்கின்றன. ஒரு பேஸில் 1,000 வாட் ஹீட்டர், இன்னொன்றில் 100 வாட் பல்பு என்று வையுங்கள். ஹீட்டரின் தடை சுமார் 53 ஓம், பல்பின் தடை 529 ஓம். வோல்டேஜ் தடையின் விகிதத்தில் பிரியும்: ஹீட்டருக்கு 36, பல்புக்கு 364. லோடு குறைந்த பக்கம்தான் எரிந்துபோகிறது. பழைய வீடுகளில் நியூட்ரலிலும் ஒரு கிட்கேட் ஃபியூஸ் போட்டு வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மூன்று பேஸ் இணைப்பில் அதைவிட அபாயமான அலங்காரம் கிடையாது. கண்டால் எடுத்துவிட்டு நேரடியாக இணைக்கச் சொல்லுங்கள்.

பைப் மட்டும் போதுமா?

சரி, நியூட்ரலுக்கு ஒரு குழி, பாடிக்கு ஒரு குழி என்று தனித்தனியாக எர்த் செய்தாகிவிட்டது. இரண்டுக்கும் இடையில் மண்ணைத் தவிர வேறு தொடர்பில்லை. நியூட்ரல் குழி 5 ஓம், பாடி குழி 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம். நம்மூரில் இவை மோசமான அளவுகள் அல்ல. பேஸ் பாடியில் பட்டால் ஓடும் கரண்ட், 230-ஐ 15-ஆல் வகுத்தால், சுமார் 15 ஆம்பியர். 20 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இது சாதாரண லோடு, அது அசையாது. பழுது அப்படியே நிற்க, பாடி மண்ணைப் பொறுத்து 153 வோல்ட்டில் இருக்கும். எர்த் செய்த மெஷினில் ஷாக் அடித்தது எப்படி என்று திகைப்பவர்களுக்கு இதுதான் பதில்.

குழியின் தடையைக் குறைத்துவிடலாமே என்றால், அது நினைக்கிற அளவுக்குச் சுலபமில்லை. எர்த்திங்குக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 3043 தரும் சூத்திரத்தில், 100 ஓம்-மீட்டர் தன்தடை உள்ள மண்ணில் 3 மீட்டர் நீளமும் 40 மில்லிமீட்டர் விட்டமும் கொண்ட பைப்பைப் போட்டுப் பாருங்கள்: சுமார் 30 ஓம் வரும். உப்பும் கரியும் போட்டால் குறையும். கோடையில் தண்ணீர் ஊற்ற மறந்தால் மறுபடி ஏறும். பாறை மண் என்றால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே நம்ப வேண்டியது மண்ணை அல்ல, உலோகத்தை. ஜென்செட்டின் நியூட்ரல் முனையையும் எர்த் பாரையும் செம்புப் பட்டையாலோ போதுமான தடிமன் உள்ள செம்பு ஒயராலோ நேரடியாக இணைக்க வேண்டும். பாடி, பேனல், வீட்டுப் பச்சை ஒயர்கள், எல்லாக் குழிகளும் அந்த ஒரே எர்த் பாரில் சேர வேண்டும். இப்போது பழுதுக் கரண்ட் மண்ணுக்குள் இறங்காமல், பச்சை ஒயர் வழியாகவே காயிலுக்குத் திரும்பும். அந்த வளையத்தின் தடை அரை ஓம் என்றால் கணக்குப்படி 460 ஆம்பியர்; பெரிய செட்டில் எம்.சி.பி. கண் இமைக்கும் நேரத்தில் விழுந்துவிடும். அப்படியானால் குழி எதற்கு? எர்த் பாரின் வோல்டேஜை நீங்கள் நிற்கும் தரையின் வோல்டேஜுக்கு அருகில் பிடித்து வைக்கவும், இடி, ஹெச்.டி. லைன் விழுவது போன்றவற்றின் கரண்டை மண்ணில் இறக்கவும் அது வேண்டும். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகள், 2010-இல் வந்தவையும் அவற்றுக்குப் பதிலாக 2023-இல் வந்தவையும், மூன்று பேஸ் செட்டின் நியூட்ரலுக்கு இரண்டு தனித்தனி எர்த் தொடர்புகளையும், ஜெனரேட்டர் பாடிக்கு இரண்டையும் கேட்கின்றன. நான்கு குழி என்று ஒயர்மேன்கள் சொல்லும் வழக்கம் இங்கிருந்து வந்ததுதான். நான்கையும் வெட்டிவிட்டு நடுவில் அந்தப் பட்டையைப் போடாமல் விட்டால், நான்கு குழியும் மேலே சொன்ன 15 ஆம்பியர் கணக்குக்குள்தான் நிற்கும். குழிகளை ஒன்றோடொன்று ஒட்டி வெட்டாதீர்கள்; பைப்பின் நீளத்தைப் போல இரண்டு மடங்கு இடைவெளி இருந்தால் நல்லது.

ஆயிரம் கே.வி.ஏ.யைத் தாண்டிய செட்டுகளிலும் 11 கே.வி. ஆல்டர்னேட்டர்களிலும் நியூட்ரலை நேராகக் கட்டாமல் ரெசிஸ்டர் வழியாகக் கட்டுவதுண்டு. பல செட்டுகளை இணையாக ஓட்டும் ஆலைகளில், ஆல்டர்னேட்டர்களின் வைண்டிங் பிட்ச் வேறுபட்டால் நியூட்ரல்களுக்குள் மூன்றாம் ஹார்மானிக் கரண்ட் சுற்றிச் சூடாக்கும். அவை இந்த நூலின் எல்லைக்கு வெளியே. அங்கே பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

சேஞ்ச் ஓவரில் எத்தனை போல்?

நியூட்ரலை ஜென்செட்டில் கட்டலாமா கூடாதா என்பதைத் தீர்மானிப்பது, வீட்டை ஈ.பி.யிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச்தான். அதிகம் தவறு நடப்பதும் இங்கேதான் என்பதால் நிதானமாகப் படியுங்கள்.

மூன்று பேஸையும் நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் நான்கு போல் சுவிட்ச் இருந்தால், ஜெனரேட்டர் ஓடும்போது அதற்கும் ஈ.பி. நியூட்ரலுக்கும் தொடர்பே இல்லை. அது தனிச் சப்ளை. ஆகவே அதன் நியூட்ரலை ஜென்செட்டிலேயே கட்டாயம் எர்த் செய்ய வேண்டும்; செய்யாவிட்டால் மிதக்கும்.

பேஸை மட்டும் மாற்றி, நியூட்ரலைப் பொதுவாக விட்டிருக்கும் மூன்று போல் சுவிட்ச் என்றால், ஜெனரேட்டரின் நியூட்ரல் ஈ.பி. நியூட்ரல் வழியாக டிரான்ஸ்பார்மர் வரை போய் அங்கே எர்த் ஆகிறது. செலவு குறைவு என்பதால் இப்படி ஏராளமாகப் போட்டிருக்கிறார்கள். இதில் ஜென்செட்டிலும் ஒருமுறை கட்டினால், நியூட்ரலுக்கு இரண்டு இடத்தில் எர்த் ஆகிவிடும். ஈ.பி.யில் ஓடும்போதே நியூட்ரல் கரண்டின் ஒரு பங்கு உங்கள் எர்த் ஒயரில் புகுந்து போகும், ஆர்.சி.சி.பி. காரணமில்லாமல் விழும். தெரு லைனில் நியூட்ரல் அறுந்தால் இன்னும் மோசம்: அக்கம்பக்கத்து வீடுகளின் நியூட்ரல் கரண்ட் உங்கள் ஜென்செட் குழியைத் தேடி வரும், ஓடாமல் நிற்கும் ஜெனரேட்டரின் பாடியில் வோல்டேஜ் ஏறும். கட்டாமல் விட்டாலோ, உங்கள் ஜெனரேட்டரின் எர்த் முழுக்கத் தெருக்கம்பியை நம்பியிருக்கிறது. புயலில் முதலில் அறுவது அந்தக் கம்பிதான்.

என் தீர்ப்பு இதுதான்: புதிதாகப் போடுகிறவர்கள் நான்கு போலைத் தவிர வேறு எதையும் யோசிக்க வேண்டாம். ஒற்றை பேஸ் வீட்டில் அதற்குச் சமம் இரண்டு போல், நடுவில் ஆஃப் நிலை உள்ள சுவிட்ச். மிச்சப்படுத்தும் தொகை ஒரு ஃப்ரிட்ஜின் விலைகூட வராது. நான்கு போல் சுவிட்சில் நியூட்ரல் பேஸ்களுக்கு முன்பாகவோ கூடவோ சேர்ந்து, பிரியும்போது கடைசியாகவோ கூடவோ பிரிய வேண்டும். தரமான தயாரிப்பில் அப்படித்தான் இருக்கும். பேஸுக்கு ஒரு சுவிட்ச், நியூட்ரலுக்கு இன்னொரு சுவிட்ச் என்று ஒட்டுப்போடும் யோசனையை முளையிலேயே கிள்ளிவிடுங்கள்.

புயல் நாட்களில்

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. வண்டியில் ஏற்றிய ஜெனரேட்டர்கள் தெருத்தெருவாகப் போய், காசு வாங்கிக்கொண்டு மேல்நிலைத் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஏற்றின. இந்த மாதிரி நேரத்தில்தான் இரண்டு பக்கமும் ஆண் பிளக் வைத்த ஒயர் வெளியே வருகிறது. ஜெனரேட்டரில் ஒரு முனை, வீட்டு சாக்கெட்டில் ஒரு முனை. மெயினை ஆஃப் செய்ய மறந்தால் கரண்ட் மீட்டர் வழியாக வெளியே போகும். டிரான்ஸ்பார்மருக்கு எந்தப் பக்கம் உள்ளே, எந்தப் பக்கம் வெளியே என்று தெரியாது. கீழிருந்து 230 வோல்ட் கொடுத்தால் மேலே ஆயிரக்கணக்கான வோல்ட்டாகத் தூக்கிக் கொடுக்கும். லைன் செத்துவிட்டது என்று நம்பி கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் அங்கே இருப்பார். மெயினை நினைவாக ஆஃப் செய்வேன் என்ற உறுதிமொழியை நான் ஏற்பதில்லை. சேஞ்ச் ஓவர் இல்லாத வீட்டில் ஜெனரேட்டரை வீட்டு ஒயரிங்கில் கோர்க்கக் கூடாது. தனி எக்ஸ்டென்ஷன் பெட்டி போட்டு, வேண்டிய கருவியை அதில் மாட்டிக்கொள்ளுங்கள். புகையால் சாகிறவர்களைப் பற்றி பத்தாம் அத்தியாயத்தில் தனியாகச் சொல்கிறேன். இப்போதைக்கு, ஜன்னலுக்கு அருகில்கூட வைக்காதீர்கள்.

சின்ன செட்டுக்கு ஆர்.சி.சி.பி.

உலோக இணைப்பு கொடுத்தால் எம்.சி.பி. விழும் என்றேன். 2.5 கே.வி.ஏ. செட்டுக்கு அது பொருந்தாது. அதன் முழு லோடு சுமார் 11 ஆம்பியர். ஷார்ட் ஆனாலும் அது தள்ளும் கரண்ட், நன்றாகச் செய்த ஆல்டர்னேட்டரில்கூட, சில விநாடிகளுக்கு மூன்று மடங்கு, அதாவது 33 ஆம்பியர் அளவில்தான் இருக்கும். சாதாரணமானதில் வோல்டேஜ் சரிந்து அதுவும் வராது. 16 ஆம்பியர் சி வகை எம்.சி.பி. உடனே விழ 80 ஆம்பியராவது வேண்டும். ஆகவே சின்ன செட்டில் உயிரைக் காக்கும் வேலை 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யுடையது. போன கரண்டும் திரும்பிய கரண்டும் சமமா என்று மட்டுமே அது பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் 0.3 விநாடிக்குள் விழ வேண்டும். அதற்கு 30 ஓம் குழிகூடத் தாராளம்.

ஆனால் நியூட்ரல் மிதந்தால் ஆர்.சி.சி.பி. வெறும் பொம்மை. கசியும் கரண்ட் அதைத் தாண்டிப் போய்த் திரும்ப வேறு வழி வேண்டும், மிதக்கும் செட்டில் அந்த வழி இல்லை. ஆகவே வரிசை முக்கியம்: முதலில் ஜென்செட், அங்கேயே நியூட்ரலும் எர்த்தும் சேரும் இணைப்பு, அதற்குப் பிறகு ஆர்.சி.சி.பி., பிறகு வீடு. அந்த இணைப்பு ஒரே ஒரு இடத்தில்தான் இருக்க வேண்டும். வீட்டு போர்டில் இன்னொரு முறை நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்தால் ஆர்.சி.சி.பி. நிற்கவே நிற்காது, அப்போது சிலர் ஆர்.சி.சி.பி.யையே கழற்றிவிடுகிறார்கள். சில இன்வர்ட்டர் வகைப் பெட்ரோல் செட்டுகளின் முனையை பாடியோடு கட்டினால் கெட்டுவிடும் என்பதால், கட்டும் முன் கையேட்டைப் படியுங்கள் அல்லது தயாரிப்பாளரைக் கேளுங்கள். கட்டக் கூடாதது என்றால் அதை வீட்டு ஒயரிங்கில் கோர்க்கவும் கூடாது.

ஒப்புக்கொள்ளும் முன்

ஆர்.சி.சி.பி.யில் இருக்கும் டெஸ்ட் பட்டனை அழுத்தியதும் விழுகிறது, எல்லாம் சரி என்று நினைக்க வேண்டாம். அந்தப் பட்டன் உள்ளேயே ஒரு ரெசிஸ்டர் வழியாகப் பேஸையும் நியூட்ரலையும் குறுக்காக இணைக்கிறது. எர்த்தே இல்லாத வீட்டிலும், நியூட்ரல் மிதக்கும் செட்டிலும் அது விழும். கருவி வேலை செய்கிறது என்பதற்கு மேல் அது எதையும் நிரூபிக்காது.

லைசென்ஸ் உள்ள ஒயர்மேனை வைத்து மூன்று அளவுகள் எடுங்கள். செட் நின்றிருக்கும்போது, சேஞ்ச் ஓவரை ஆஃபில் வைத்து, ஜென்செட்டின் நியூட்ரல் முனைக்கும் பாடிக்கும் இடையில் ஓம் பாருங்கள்: ஒன்றுக்கும் கீழே இருக்க வேண்டும். செட் ஓடி லோடு எடுக்கும்போது, வீட்டின் கடைசி சாக்கெட்டில் பேஸ்-எர்த் 230-ஐ ஒட்டியும், நியூட்ரல்-எர்த் ஒன்றிரண்டு வோல்ட்டிலும் நிற்க வேண்டும். இரண்டும் 115 பக்கம் காட்டினால் நியூட்ரல் மிதக்கிறது. மூன்றாவதாக, அதே சாக்கெட்டில் ஆர்.சி.சி.பி.யைச் சோதிக்கும் ஆர்.சி.டி. டெஸ்டரைச் செருகி, 30 மில்லி ஆம்பியரில் எத்தனை மில்லி செகண்டில் விழுகிறது என்று அளக்க வேண்டும். டெஸ்டர் இல்லாத ஒயர்மேன்கள் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையில் 40 வாட் பல்பை வைத்துப் பார்ப்பார்கள். அது எடுக்கும் 170 மில்லி ஆம்பியருக்கு ஆர்.சி.சி.பி. உடனே விழ வேண்டும். நீங்களாக இதைச் செய்து பார்க்காதீர்கள். பெரிய செட்டுக்கு மின் ஆய்வுத் துறையின் ஒப்புதலும் வேண்டியிருக்கும். ஆய்வாளர் வருகிற அன்று இந்த அளவுகள் எழுதிய தாள் உங்கள் கையில் இருக்கட்டும்.

இந்த மூன்றையும் உங்கள் கண்முன்னே எடுத்து, தேதி போட்டு எழுதிக் கொடுக்காமல் பாக்கிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.